சங்கத்துக் கணிப்பொறியில் குடிபுகும் ஒற்றர்கள்

நம் சங்கங்களின் பேரேடுகள் இரும்புப் பெட்டியை விட்டுக் கணிப்பொறிக்குள் குடியேறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. நாடெங்குமுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் 63,000 சங்கங்களைக் கணிப்பொறி வழிக்குக் கொண்டுவர, 2,516 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஒரு திட்டத்துக்கு மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் ஒப்புதல் அளித்தது. தமிழ்நாடும் அத்திட்டத்தில் சேர்ந்திருக்கிறது. ஆண்டிமடம் வட்டாரத்து முந்திரித் தோப்புக்காரர் பெற்ற பயிர்க்கடனும், அவர் வீட்டார் அடகு வைத்த நகையின் எடையும், உடையார்பாளையம் பக்கத்துத் தறிக்காரருக்குச் சேர வேண்டிய கூலிப் பாக்கியும் இன்று மேசைமேல் இருக்கும் ஒரு பெட்டிக்குள் எழுத்துகளாக உறங்குகின்றன. இரும்புப் பெட்டிக்கு இரட்டைப் பூட்டும் இரு கையில் சாவியும் வைத்துக் காத்த நாம், இந்தப் புதுப் பெட்டிக்கு என்ன காவல் வைத்திருக்கிறோம் என்று கேட்க வேண்டிய வேளை வந்துவிட்டது.

கணிப்பொறிக்குள் கேளாமலே குடிபுகும் மென்பொருள்கள் பல வகைப்படும். அவற்றுள் உளவு மென்பொருள் என்பது ஒன்று. இது கணிப்பொறியைக் கெடுப்பதில்லை. கெடுத்தால் அகப்பட்டுக்கொள்ளும் அல்லவா? ஓசையின்றி ஒரு மூலையில் உட்கார்ந்து, விசைப்பலகையில் நம் எழுத்தர் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் குறித்துக்கொள்ளும். திரையில் தோன்றுவதைப் படமெடுக்கும். உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்களைத் திரட்டும். திரட்டியவற்றை இணையத்தின் வழியே எங்கோ இருக்கும் எசமானனுக்கு அனுப்பும். இதற்குத் தம்பி முறையானது விளம்பர மென்பொருள். அது திரையெங்கும் விளம்பரத்தைக் கொட்டும். நாம் ஒன்றைத் தேடினால் வேறொன்றைக் கொண்டுவந்து நிறுத்தும். தொல்லைதானே என்று விட்டுவிடுவோர் உண்டு. தம்பி நுழைந்த வாசல் அண்ணனுக்கும் திறந்தே இருக்கும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவை நுழையும் விதம் நம் விவசாய அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. நம் வரப்புகளில் வெள்ளைப் பூப்பூத்து நிற்கும் பார்த்தீனியச் செடியை யாரும் விதைக்கவில்லை. 1950-களில் வெளிநாட்டுக் கோதுமையோடு கலந்து வந்த விதை அது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. வேண்டிய தானியத்தோடு வேண்டாத விதை வந்தாற்போல, இலவசமாகக் கிடைக்கும் ஏதோ ஒரு பயனுள்ள மென்பொருளோடு இந்த வேண்டாத விருந்தாளியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. நிறுவும்போது திரையில் நான்கைந்து முறை ஒப்புதல் கேட்பார்கள். படிக்காமல் 'சரி', 'சரி' என்று அழுத்திக்கொண்டே போகிறோம். நாமே கையொப்பமிட்டு வரவேற்றதாக ஆகிறது.

வேறு வழிகளும் உண்டு. விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் பூட்டை உடைத்து இலவசமாகத் தருவதாகச் சொல்லும் தளங்கள் ஏராளம். பூட்டு உடைப்பவன் தருமத்துக்கு உடைக்கிறான் என்று நம்புவதற்கு நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது? நூல் விலைப்பட்டியல் என்ற பெயரில் மின்னஞ்சலோடு வரும் கோப்பு, பல அலுவலகங்களில் சுற்றிவந்த பென் டிரைவ், கைப்பேசியில் பி.எம். கிசான் உதவித்தொகையின் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பில் உலவும் போலிச் செயலி ஆகிய யாவும் இவ்வகையே. கடைசியாகச் சொன்னது விவசாயிகளையே குறிவைத்துச் செய்யப்பட்டது. அதை நிறுவினால், வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண்ணைக் கைப்பேசிக்காரர் பார்க்கும் முன்னே அயலான் பார்த்துவிடுவான்.

ஆண்டிமடம் வட்டாரத்தில் சங்கமொன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். கணக்குகள் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் இரசீது ஒன்றை அச்சிட்டுக் காட்டும்படி கேட்டபோது, கணிப்பொறி பாரவண்டி மேட்டில் ஏறுவது போல முனகியது. உலாவியைத் திறந்தால் முகப்பில் ஏதோ ஒரு சூதாட்டத்தின் விளம்பரம். "பழைய மெஷின் சார், அப்படித்தான் இருக்கும்" என்றார் அங்கிருந்த எழுத்தர். இயந்திரம் வாங்கி மூன்றாண்டுகள்கூட ஆகவில்லை. தமிழ் எழுத்துரு ஒன்று வேண்டுமென்று எங்கிருந்தோ இறக்கி நிறுவியபோது அதனோடு வேறு மூன்று நிரல்கள் வந்து அமர்ந்திருந்தன. அதைவிட வியப்பு என்னவெனில், விண்டோஸோடு வரும் பாதுகாப்பு நிரலே அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எழுத்துருவை நிறுவவிடாமல் அது தடுத்ததாம். ஆகவே அதை அணைத்துவிட்டார்களாம். நாய் குரைக்கிறதென்று நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனுக்குத் திண்ணையில் பாய் விரித்த கதை இது. அந்த எழுத்தரை நாம் குறை கூறவில்லை. குரைப்பதன் பொருளை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

நிற்க. அந்தக் காவல் நிரல் உண்மையில் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

அதன் முதல் வேலை அடையாளம் பார்ப்பது. உலகெங்கும் அகப்பட்ட தீய நிரல்களையெல்லாம் ஆய்வுக்கூடங்களில் பிரித்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளக் குறியை எடுத்து வைக்கிறார்கள். கைரேகை என்றே சொல்லலாம். ஒரு கோப்பு முழுவதையும் ஒரு கணக்கில் போட்டால் நீண்ட எண்ணொன்று கிடைக்கும். கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும். நம் கணிப்பொறியிலுள்ள கோப்புகளின் குறிகளை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தினால் பிடித்துக்கொள்கிறது. சாயமேற்றிய நூல் சிட்டத்தை மாதிரிப் புத்தகத்தோடு வைத்துப் பார்க்கும் நெசவாளர்க்கு இது எளிதில் விளங்கும். ஆனால் மாதிரிப் புத்தகம் பழையதாக இருந்தால் புதுச் சாயம் எப்படித் தெரியும்? அதனால்தான் அந்தப் பட்டியல் நாள்தோறும், ஒரே நாளில் பலமுறைகூட, புதுப்பிக்கப்படுகிறது. இணைய இணைப்பு இல்லாமலோ சந்தா தீர்ந்தோ பட்டியல் நின்றுபோனால், காவலன் நிற்பான். அவன் கையிலிருப்பது போன வருடத்துத் திருடர்களின் படமாக இருக்கும்.

கைரேகையை மாற்றிக்கொண்டு வரும் திருடனும் உண்டு. நிரலில் சிறிது மாற்றம் செய்து ஒவ்வொரு முறையும் புது உருவில் அனுப்புவது அவர்களுக்கு இன்று பெரிய வேலையன்று. ஆகவே காவல் நிரல் இரண்டாவது வேலையாக நடத்தையைக் கவனிக்கிறது. முந்திரித் தண்டுத் துளைப்பான் புழு பட்டைக்குள் இருக்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. அடிமரத்தில் துளை இருக்கிறதா, மரத்தூளும் புழுக்கையும் சிந்தியிருக்கிறதா, பிசின் வடிகிறதா என்று நம் தோப்புக்காரர்கள் பார்க்கிறார்கள். இலை மஞ்சளித்த பிறகு பார்த்துப் பயனில்லை என்பது அவர்கள் அனுபவம். காவல் நிரலும் அவ்வாறே பார்க்கிறது. கணிப்பொறியை இயக்கியவுடன் தாமாகவே கிளம்பும் நிரல்களின் பட்டியலில் புதிதாக யார் தன் பெயரை எழுதிக்கொண்டான்? விசைப்பலகையைக் காதோடு காது வைத்துக் கேட்பவன் யார்? உலாவியின் முகப்பைக் கேளாமல் மாற்றுபவன் யார்? எழுத்தர் ஒன்றும் அனுப்பாத நேரத்தில் வெளியே செய்தி அனுப்புவது எது? நூற்றுக்கணக்கான கோப்புகளை மளமளவென்று பூட்டத் தொடங்குவது எது? இவற்றுள் ஒன்றிரண்டு சேர்ந்தால், பெயர் தெரியாவிட்டாலும் நிறுத்தி வைக்கிறது. ஐயத்துக்குரிய நிரலை மற்றவற்றோடு தொடர்பற்ற ஒரு தனியறையில் ஓடவிட்டுச் சோதிப்பதும் உண்டு.

பிடித்ததை உடனே கொல்வதில்லை என்பதையும் அங்கத்தினர்கள் அறிய வேண்டும். முதலில் தனிக்காவலில் வைக்கிறது. அங்கிருந்து அது இயங்க முடியாது. ஏன் இந்தத் தயக்கமெனில், காவலனும் சில வேளைகளில் நல்லவனைத் திருடன் என்று பிடித்துவிடுவான். சிறு நிறுவனம் ஒன்று எழுதிக் கொடுத்த சம்பளக் கணக்கு நிரலைப் பாதுகாப்பு நிரல் பிடித்துக்கொண்டதும், அதை மீட்க வேண்டியிருந்ததும் அலுவலகங்களில் நடப்பதுதான். அப்படி நேர்ந்தால் எழுதிக் கொடுத்தவரைக் கேட்டுத் தெளிந்த பின்னர் அந்த ஒன்றை மட்டும் விடுவிக்கலாம். காவலையே அணைப்பது மருந்தாகாது.

இத்தகைய நிரல்களின் வரலாறு நீண்டதன்று. அமெரிக்காவில் ஸ்டீவ் கிப்சன் என்பவர் தம் கணிப்பொறியில் ஒரு விளம்பர நிரல் தமக்குத் தெரியாமல் குடியிருப்பதைக் கண்டு, 2000-ஆம் ஆண்டில் அதை நீக்க 'ஆப்ட்அவுட்' என்ற சிறு கருவியை எழுதினார். 'ஆட்-அவேர்', 'ஸ்பைபாட்' என்பனவும் அக்காலத்தில் எழுந்தவையே. 2004 டிசம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனம் 'ஜயன்ட்' என்ற சிறு நிறுவனத்தை வாங்கி, அதன் கருவியைத் தனதாக்கிக்கொண்டது. அதுவே 2006-இல் 'விண்டோஸ் டிஃபெண்டர்' என்று பெயர் பெற்றது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் அது வைரஸ் தடுப்பையும் சேர்த்துச் செய்கிறது. நம் நாட்டவரும் பின்தங்கிவிடவில்லை. சென்னையில் 1990-களின் தொடக்கத்தில் ஜெ. கேசவர்தனன் தொடங்கிய 'கே7' நிறுவனத்தின் நிரல் ஜப்பானியரின் கணிப்பொறிகளையும் காத்திருக்கிறது. புனாவில் கால்குலேட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த கைலாஷ் கட்கரும் அவர் தம்பி சஞ்சயும் வளர்த்தது 'குயிக் ஹீல்'. பட்டறையிலிருந்து எழுந்த தொழில் என்பதால் நமக்கு அதன்மீது தனிப் பிரியம் உண்டு.

'சிற்றூர்ச் சங்கத்தின் கணிப்பொறியில் என்ன இருக்கிறதென்று வேவு பார்க்க வருவார்கள்?' என்று சில நிர்வாகக் குழு உறுப்பினர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். நம் மாநிலத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறோம். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த கணிப்பொறி ஒன்றில் தீய நிரல் இருப்பதை, கணிப்பொறி அவசர நிலைகளைக் கவனிக்கும் மத்திய அமைப்பான செர்ட்-இன் 2019 செப்டம்பர் 4-ஆம் நாள் தெரிவித்தது. அணுமின் கழகம் அக்டோபர் 30-ஆம் நாள் அதை ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டது. அணு உலையை இயக்கும் கணிப்பொறிகள் தனி வலையில் இருந்தமையால் அவற்றுக்குத் தீங்கில்லை. அங்கே அகப்பட்டதாக ஆய்வாளர்கள் கூறிய நிரலின் பெயர் 'டிட்ராக்'. விசைத் தட்டல்களையும் உலாவி வரலாற்றையும் கோப்புப் பட்டியலையும் திரட்டும் பக்கா ஒற்றன் அது. இதன் உடன்பிறப்பு ஒன்று 2018-இல் இந்திய ஏ.டி.எம். இயந்திரங்களில் அமர்ந்து அட்டை விவரங்களைப் படித்துக்கொண்டிருந்ததை காஸ்பர்ஸ்கி நிறுவனத்தார் கண்டறிந்தனர். அணு உலை அலுவலகத்துக்கும் ஏ.டி.எம். பெட்டிக்கும் ஒரே குடும்பத்து ஒற்றர்கள் வந்தார்கள் என்றால், பெரிய இடம் சிறிய இடம் என்ற பேதம் அவர்களுக்கு இல்லையென்றே கொள்ள வேண்டும்.

கூட்டுறவுத் துறையும் அடிபட்டிருக்கிறது. புனாவில் 1906-இல் தோன்றிய காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி நம் இயக்கத்தின் மூத்த நிறுவனங்களுள் ஒன்று. 2018 ஆகஸ்ட் 11-ஆம் நாள், சனிக்கிழமை. வங்கியின் ஏ.டி.எம். கணிப்பொறி அமைப்புக்குள் புகுந்திருந்த தீய நிரல், பணம் கொடுக்கலாமா என்று வந்த கேள்விகளுக்கு வங்கியைப் போலவே நடித்து 'கொடுக்கலாம்' என்று விடையளித்தது. 28 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 78 கோடி ரூபாயும், உள்நாட்டில் இரண்டரைக் கோடியும் போலி அட்டைகளால் எடுக்கப்பட்டன. இரண்டு நாள் கழித்து 13-ஆம் நாள் ஹாங்காங் வங்கிக் கணக்கொன்றுக்கு 13.92 கோடி அனுப்பப்பட்டது. ஆக மொத்தம் 94 கோடிக்கு மேல். நூறாண்டுக்கு மேற்பட்ட நாணயத்தை இரண்டே நாளில் உலுக்கிவிட்டார்கள்.

அண்மைய நிகழ்ச்சி 2024-இல். கூட்டுறவு வங்கிகளுக்கும் ஊரக வங்கிகளுக்கும் கணிப்பொறிச் சேவை அளிக்கும் சி-எட்ஜ் நிறுவனத்தில், கோப்புகளைப் பூட்டிப் பிணைப்பணம் கேட்கும் நிரல் புகுந்தது. நோய் பரவாமலிருக்கத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் ஜூலை 31-ஆம் நாள் அந்நிறுவனத்தைத் தன் வலையிலிருந்து பிரித்து வைத்தது. ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யு.பி.ஐ. வழியாகவோ ஏ.டி.எம்.மிலோ பணம் எடுக்க இயலாமல் தவித்தார்கள். மறுநாள், ஆகஸ்ட் 1-ஆம் நாள், இணைப்பு திரும்பியது. பணம் எங்கும் போய்விடவில்லை. ஆயினும் வாரச்சந்தைக்குப் புறப்பட்டவர் கையில் காசில்லாமல் நின்றால், 'சங்கத்தில் போட்டால் இப்படித்தான்' என்றுதான் பேசுவார். சி-எட்ஜ் என்ற பெயரை அவர் கேட்டிருக்கவே மாட்டார். கூட்டுறவின் மூலதனத்தில் பாதி அங்கத்தினரின் நம்பிக்கைதான் என்று மேடையில் பேசுகிறோம். அந்தப் பாதியைப் பேரேட்டில் எந்தத் தலைப்பிலும் காட்ட முடியாது. போனால் மட்டும் தெரியும்.

இனிக் காவலன் வேடத்தில் வரும் கள்வனைப் பற்றியும் ஒரு சொல். 'உங்கள் கணிப்பொறியில் 37 வைரஸ்கள் உள்ளன, உடனே இங்கே அழுத்துக' என்று திடீரெனச் சிவப்புப் பலகை தோன்றும். மணியடிக்கும். ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கும். அழுத்தினால் நிறுவப்படுவது பாதுகாப்பு நிரலன்று, பெரும்பாலும் ஒற்றனே. இந்த வியாபாரம் எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு சான்று: அமெரிக்க வர்த்தக ஆணையம் 2008 டிசம்பரில் வழக்குத் தொடர்ந்த ஒரு கும்பல் பத்து லட்சம் பேருக்கு மேல் ஏமாற்றியிருந்தது, 2012-இல் அதன் பங்காளி ஒருவர்மீது 16 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் தீர்ப்பாயிற்று. உண்மையான காவல் நிரல் உலாவிக்குள் வந்து கூச்சலிடாது. தொலைபேசியில் கூப்பிடு என்று சொல்லாது. இவ்வளவு தெரிந்திருந்தால் போதும்.

என்ன செலவாகும் என்பது அடுத்த கேள்வி. விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்குத் தனிக் கட்டணமில்லை. அதை அணைக்காமல் விட்டாலே சிறு சங்கத்துக்குப் பெரும்பங்கு காவல் கிடைத்துவிடும். விலை கொடுத்து வாங்குவதானால் ஒன்றை மட்டும் வாங்க வேண்டும். ஒரே இயந்திரத்தில் இரு காவலரை ஒருங்கே நிறுத்தினால் ஒருவரையொருவர் திருடன் என்று பிடித்துக்கொள்வார்கள், கணிப்பொறியும் நடைதளரும். மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரம்' தீய நிரல்களை நீக்கும் கருவிகளை இலவசமாகவே தருகிறது. கைப்பேசிக்கு 'எம்-கவச்', பென் டிரைவுக்கு 'யு.எஸ்.பி. பிரதிரோத்' என்பன அதன் வழி கிடைத்தவை. சந்தா புதுப்பிக்கும் சில நூறு ரூபாயை வீண்செலவென்று வெட்டிவிட்டு, பொதுக்குழுவன்று பந்தலுக்கும் பொன்னாடைக்கும் தாராளமாக ஒதுக்கும் தீர்மானங்களையும் நாம் படித்திருக்கிறோம். அவற்றைப் பற்றி இங்கே விரிக்க வேண்டாம்.

காவல் நிரலால் ஆகாததும் உண்டு. சுவரிலேயே ஓட்டை இருந்தால் வாசற்காவலன் என்ன செய்வான்? விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 7-க்கோ 2020 ஜனவரியிலேயே நின்றன. அவ்வியந்திரங்களில் பணப்பட்டுவாடா நடத்தும் சங்கங்கள் மாற்றத்தை அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும். எழுத்தர் நாள்தோறும் பயன்படுத்தும் கணக்கில் புதிய நிரல்களை நிறுவும் அதிகாரம் இருக்கலாகாது. அந்த அதிகாரமுள்ள கணக்கின் கடவுச்சொல் செயலாளர் பொறுப்பில் தனியே இருக்கட்டும். ஆண்டிமடத்தில் கண்ட தொல்லையில் முக்கால் பங்கு இந்த ஓர் ஏற்பாட்டால் நேர்ந்திராது. பேரேட்டின் படி ஒன்றை வாரந்தோறும் வேறொரு வட்டில் எடுத்து, அவ்வட்டைக் கணிப்பொறியிலிருந்து கழற்றி, பழைய இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். பெட்டிக்கும் மீண்டும் வேலை கிடைக்கும்.

ஒற்றன் அகப்பட்டால் செய்ய வேண்டியது இது. இணையக் கம்பியை முதலில் கழற்றுக. வை-ஃபை இருந்தால் அணைக்க. கணிப்பொறியை உடனே துடைத்துவிட வேண்டாம், தடயம் போய்விடும். வேறொரு நல்ல கணிப்பொறியில் அமர்ந்து வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுக. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்குத் தகவல் தருக. பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு அந்த மணி நேரத்திலேயே பேசுக. பணம் கைமாறிக் கைமாறிப் போகுமுன் நிறுத்தி வைக்க அதுவே வழி. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் இட்ட ஆணைப்படி, இத்தகைய நிகழ்ச்சியை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அவ்வமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும். காவல் நிரல் தனிக்காவலில் வைத்தவற்றின் பட்டியலை அச்சிட்டு, நாளும் நேரமும் எழுதி, செயலாளர் கையொப்பத்தோடு கோப்பில் சேர்க்க. அடுத்த ஆய்வுக்கு வரும்போது, ரொக்க இருப்பை எண்ணிய பிறகு நாம் கேட்கும் இரண்டாவது கேள்வி, அந்த நிரல் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட தேதி என்ன என்பதாக இருக்கும்.